பெட்டி கேட்கும் வார்த்தை

எங்கள் திருவெறும்பூருக்கு அந்தப் பெயர் வந்த கதை நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தாரகாசுரனுடைய உபத்திரவம் பொறுக்க மாட்டாத தேவர்கள், அவன் கண்ணில் படாமல் ஈசனை வழிபட வேண்டும் என்று எறும்பு ரூபம் எடுத்துக்கொண்டு இந்தக் குன்றின் மேல் ஊர்ந்து ஏறினார்களாம். லிங்கத்தின் மேல் ஏற முடியாமல் கால் வழுக்கிற்று. சுவாமி இரக்கங்கொண்டு தம்மைப் புற்று மண்ணாக மாற்றிக்கொண்டு, சற்றுச் சாய்ந்தும் கொடுத்தாராம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் குன்றையும் கோயிலையும் இன்றைக்கும் பார்க்கலாம்.

நிஜ எறும்பின் கதை புராணத்துக்குச் சற்றும் இளைத்ததல்ல. ஒரே கூட்டைச் சேர்ந்த எறும்புகள் எல்லாவற்றின் உடம்பிலும் ஒரே விதமான மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதனுடைய வாசனைதான் அந்தக் கூட்டத்தின் முத்திரை. வாசலில் எதிர்ப்படும் எறும்பு, வருகிறவரை உணர்கொம்பினால் தொட்டுப் பார்க்கும். வாசனை பொருந்தினால் வழி விடும், பொருந்தாவிட்டால் கடிதான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அந்த வாசனை எந்த ஓர் எறும்புக்கும் தனிச் சொத்து அல்ல. ஒன்று இறந்து போனால் மற்றவை வாசலில் நின்று தவிப்பதில்லை. மறந்து போவதும் இல்லை.

எறும்புகளுக்குள்ள இந்தச் சௌகரியம் எறும்பூரில் குடியிருக்கும் மனிதர்களுக்கு இல்லை. 1960-களில் பாய்லர் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்த பிறகு, இந்தப் பக்கத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற குடும்பங்கள் ஏராளம். பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில், பெரியவர்கள் இங்கே. கூடத்தில் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி பச்சைக் கண்களைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வைஃபை. அதன் வழியாகத்தான் பேரக்குழந்தையின் முகம் வருகிறது. ஒரு நாள் பாட்டியின் பழைய போன் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்குகிறது. புதுப் போன் வருகிறது. எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "இதில் எல்லாம் வருகிற மாதிரி செய்து கொடு" என்கிறாள் பாட்டி. பிறகு நடக்கும் சம்பாஷணை எல்லாத் தெருக்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்:

"பாஸ்வேர்டு என்ன, பாட்டி?"

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்? பெரியவன் வந்திருந்தபோது என்னவோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்."

"அவருக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் கேட்டு விடுங்களேன்."

"அவனைக் கூப்பிடுவதற்குத்தானே அப்பா உன்னை இதைப் போடச் சொல்கிறேன்!"

சிரிப்புக்குரிய விஷயம்தான். ஆனால் இதற்குள்ளே ஓர் அநியாயமும் இருக்கிறது. பெட்டி இருப்பது பாட்டியின் கூடத்தில். அதற்கு ஆகும் மின்சாரம் பாட்டியின் மீட்டரில். மாதச் சந்தா பாட்டியின் குடும்பப் பென்ஷனில். ஆனால் பெட்டி கேட்கும் வார்த்தை மட்டும் பல ஆயிரம் மைலுக்கு அப்பால் வேறொருவர் ஞாபகத்தில். அந்தக் காலத்தில் வீட்டுச் சாவிக்கொத்து மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்கு மாறுவதற்குள் எத்தனை ரகளை நடக்கும்! ஆனாலும் சாவி வீட்டுக்குள்ளேயே இருந்தது. இப்போது சாவி சத்தமில்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டது.

பாஸ்வேர்டுக்குத் தமிழில் 'கடவுச்சொல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடவு என்றால் வழி. கடந்து செல்வதற்கு உரிய சொல் என்று அர்த்தம். என் வகுப்பில் ஒரு பையன் அதைக் 'கடவுள் சொல்' என்று எழுதியிருந்தான். மதிப்பெண் குறைக்கவேண்டிய பிழைதான். ஆயினும், அதை மறந்தவர்கள் உடனே யாரை நினைக்கிறார்கள் என்று பார்த்தால் பையன் அதிகத் தூரம் தவறிவிட்டதாகச் சொல்ல முடியாது.

இந்தச் சொல் எதற்காக வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளை ஜனங்கள் முன்னிலையில் அனுப்பி, சுவரைக் கடந்து போய் அவை மணி அடிப்பதையும் வெடிமருந்தைப் பற்ற வைப்பதையும் காட்டினார். சுவர் அலையைத் தடுக்காது என்பதுதான் இதில் நமக்குப் பாடம். உங்கள் கூடத்துப் பெட்டியிலிருந்து கிளம்பும் அலை, பக்கத்து வீட்டுக்கும் மாடிக் குடித்தனக்காரருக்கும் தெருவில் நிறுத்தியிருக்கும் காருக்கும் சமமாகவே போய்ச் சேருகிறது. செங்கல்லால் பூட்ட முடியாத வாசலை ஒரு வார்த்தையால் பூட்டியிருக்கிறார்கள், விஷயம் அவ்வளவுதான்.

அந்த வார்த்தையைப் பெட்டி கேட்கும் விதம்தான் மிகவும் ஸ்வாரஸ்யமானது. போன் அதை உரக்கச் சொல்லுகிறது, பெட்டி சரி பார்க்கிறது என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியானால் பக்கத்து வீட்டுப் போனும் அதை ஒட்டுக் கேட்டுவிடுமே! அசோகவனத்தில் ஆஞ்சநேயரிடம் சீதை, தனக்கும் ராமனுக்கும் மட்டுமே தெரிந்த காக்கையின் கதையைச் சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டவுடன் ராமனுக்குத் தூது மெய் என்று தெரிந்தது. இரகசியம் தெரிந்தவரே உரியவர் என்பதுதான் அங்கேயும் தத்துவம். வைஃபை இதற்கும் ஒரு படி மேலே போகிறது. கதையை யாரும் வாயால் சொல்லுவதே இல்லை. பெட்டி ஒரு புதிய எண்ணை அனுப்பும். போன் தானும் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த பாஸ்வேர்டையும் சேர்த்து ஒரு பெரிய கணக்குப் போட்டு, விடையின் ஒரு துணுக்கை மட்டும் திருப்பி அனுப்பும். பெட்டியும் அதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்கும். விடைகள் ஒத்துப் போனால் இருவருக்கும் ஒரே வார்த்தைதான் தெரிந்திருக்கிறது. இப்படி நாலு முறை போக்குவரத்து நடந்து முடிவதற்குக் கண் இமைக்கும் நேரம் கூட ஆவதில்லை. 2004 முதல் வழங்கி வரும் டபிள்யூ.பி.ஏ.2 என்னும் முறையில், பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் ஒன்றாகப் போட்டு 4096 சுற்று அரைத்துத்தான் சாவி தயாராகிறது. பெயரும் சாவியில் ஓர் அங்கம் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் உபயோகப்படும்.

இதிலிருந்து பாட்டிக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டாக வேண்டும் என்றால், ஏற்கெனவே இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியும் அந்த வார்த்தையையோ, அதிலிருந்து அரைத்தெடுத்த சாவியையோ தன்னிடம் வைத்திருக்கத்தான் வேண்டும். பெட்டிக்குள் இருக்கிறது. வேலை செய்யும் மற்றொரு போனில் இருக்கிறது. மேஜையில் இருக்கும் கணினியில் இருக்கிறது. தொலைந்தது மனிதருடைய ஞாபகத்தில் இருந்த பிரதி ஒன்றுதான். ஆகையால் மறந்தவுடன் செய்யவேண்டியது ஞாபகப்படுத்திக்கொள்ள முயல்வதல்ல, வீட்டைத் தேடுவது.

தேடுவதற்குள் பாட்டிக்கு அவசரமாகப் பேச வேண்டுமென்றால், எதிர் வீட்டுப் பையன் தன் போனில் ஹாட்ஸ்பாட் என்பதைத் திறந்து கொடுக்கலாம். அரைமணி நேரத்துக்கு அவனுடைய போனே பெட்டியாகிவிடும். விருந்தாளிக்கு எதிர் வீட்டில் பால் கடன் வாங்குவது போலத்தான். பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் புதுப் போனுக்கு மாற்றுகிறவர்கள், கூகிள் கணக்கிலோ ஆப்பிள் கணக்கிலோ சேமிப்பு இருந்தால் அதோடு வைஃபை பாஸ்வேர்டும் தானே வந்து சேருவதைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் பெரும்பாலும் பெரிய பிள்ளைக்குத்தான் தெரியும். ஆகவே மேலே போவோம்.

முதலாவதாகப் பெட்டியைத் தூக்கி அதன் அடியில் பாருங்கள். ஆலையிலிருந்து வரும்போதே வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் அச்சிட்ட ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். யாரும் மாற்றாமலிருந்தால் அதுவே போதும். அதைப் படிப்பதற்கு மூக்குக்கண்ணாடி மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். ஒன்று என்ற எண்ணும் 'எல்' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும், பூஜ்யமும் 'ஓ'வும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் பெட்டி ஒப்புக்கொள்ளாது. போன்களில் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் ஒரு வழக்கம் உண்டு. எத்தனையோ சரியான பாஸ்வேர்டுகள் இதனாலேயே தவறாகிப் போகின்றன.

சீட்டில் உள்ளது சரிப்படவில்லை என்றால், இணைப்புக் கொடுக்க வந்தவர் தாமாகவே ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். பெரும்பாலும் அது வீட்டுக்காரருடைய பத்து இலக்கப் போன் எண். போட்டுப் பார்த்தால் திறந்துகொள்ளும். திறந்துகொண்டதற்குச் சந்தோஷப்படுங்கள், ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில்தான் ஆரம்பிக்கின்றன. ஆகவே மொத்தம் 400 கோடி எண்கள்தான் சாத்தியம். மனிதருக்கு அது கடல். போனும் பெட்டியும் பேசிக்கொண்டதை ஒருமுறை பதிவு செய்துகொண்டு, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறவனுக்கு, பையன்கள் விளையாட்டுக்காக வாங்கும் உயர்ந்த ரகக் கணினி ஒன்று போதும். சில மணி நேர வேலை. தவிரவும், பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் போன் எண் தெரியாதா என்ன?

இரண்டாவது இடம் வீட்டில் உள்ள மற்றொரு போன். 2019-ல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 முதற்கொண்டு, செட்டிங்ஸில் வைஃபையின் பெயரைத் தொட்டால் 'பகிர்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டு, விரல் ரேகையையோ போனைத் திறக்கும் எண்ணையோ கொடுத்தால், கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன கியூ.ஆர். கோடு ஒன்று தோன்றும். 1994-ல் ஜப்பானில் மோட்டார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக டென்ஸோ வேவ் என்ற கம்பெனியில் கண்டுபிடித்த அதே கோடுதான். காய்கறி வண்டியில் பணம் செலுத்துவதற்குத் தொங்குவதும் அதுதான். பாட்டியின் புதுப் போன் அதைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் இணைந்துகொள்ளும். பல போன்களில் கோடின் கீழே பாஸ்வேர்டு எழுத்திலும் தெரியும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, 2022-ல் வந்த 16-வது பதிப்பிலிருந்து, வைஃபைப் பெயரின் பக்கத்திலுள்ள சிறு வட்டத்தைத் தொட்டால் பாஸ்வேர்டையே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். விண்டோஸ் கணினியிலும் வைஃபையின் விவரப் பக்கத்துக்குப் போனால் மறைத்து வைத்த எழுத்துக்களைக் காட்டச் சொல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் கட்டங்களுக்குள் பாஸ்வேர்டு எவ்விதப் பூட்டும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், பாஸ்வேர்டைத் தெருக் கதவில் எழுதி ஒட்டுவதும் ஒன்றுதான்.

பெட்டியின் முதுகில் டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதை அமுக்கினால் பாஸ்வேர்டே வேண்டாமாமே என்று சிலர் கேட்கிறார்கள். வாஸ்தவம். பொத்தானை அமுக்கி இரண்டு நிமிஷத்துக்குள் கருவியில் கட்டளை கொடுத்தால் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஐபோன்கள் இதை ஒருபோதும் ஏற்றதில்லை. ஆண்ட்ராய்டும் ஒன்பதாவது பதிப்போடு கைகழுவிவிட்டது. காரணம் இருக்கிறது. இதே ஏற்பாட்டில் பொத்தானுக்குப் பதிலாக எட்டு இலக்க எண்ணைக் கொடுக்கும் வழியும் உண்டு. கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கானது. ஆகவே ஒரு கோடி எண்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபக் என்பவர் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். பெட்டி அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதி சரியா தவறா என்று தனியாகவே சொல்லிவிடுகிறது! முதல் பாதிக்கு 10,000. இரண்டாவது பாதிக்கு 1,000. ஆக 11,000 முயற்சிக்குள் கதவு திறந்துவிடும். ஒரு கோடியைப் பதினோராயிரமாகக் குறைத்த இந்தக் கணக்கை நான் பத்தாம் வகுப்பில் சொல்வது வழக்கம். பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நன்றாக விளக்கும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பழைய அச்சு இயந்திரம் எதையாவது சேர்ப்பதற்கு அந்தப் பொத்தானை உபயோகித்துவிட்டு, பிறகு அந்த ஏற்பாட்டையே நிறுத்தி வைப்பது உத்தமம்.

வீட்டில் இணைந்த கருவி ஒன்றும் இல்லாவிட்டால், ஒரு லேன் கேபிளால் கணினியைப் பெட்டியோடு நேராகச் சேர்க்கலாம். கம்பி வழியாக வருகிறவரிடம் பெட்டி வைஃபை பாஸ்வேர்டு கேட்பதில்லை. வீட்டுக்குள்ளேயே இருப்பவர் என்று அதற்குத் தெரியும். பிரௌசரில் 192.168.1.1 என்றோ, அடிச்சீட்டில் கண்ட வேறு எண்ணையோ அடித்தால் பெட்டியின் சொந்தப் பக்கம் திறக்கும். அங்கே ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பலர் குழம்பிப் போவது இந்த இடத்தில்தான். பெட்டிக்கு இரண்டு வார்த்தைகள் உண்டு. ஒன்று வாசல் கதவுக்கு, மற்றொன்று கணக்கறைக்கு. இது கணக்கறைச் சாவி. இதுவும் சீட்டிலேயே இருக்கும். உள்ளே போய்விட்டால் வாசல் பாஸ்வேர்டைப் பார்க்கவும் செய்யலாம், மாற்றவும் செய்யலாம்.

கம்பெனிக்காரருடைய செயலி மூலமாகவும் மாற்றலாம். பல கம்பெனிகள் இதற்கு வசதி செய்திருக்கின்றன. ஆனால் செயலி நுழைவதற்கு ஓ.டி.பி. வேண்டும், அது போய்ச் சேருவது இணைப்பு எடுத்தபோது பதிவு செய்த எண்ணுக்கு. பிள்ளையின் எண்ணாக இருந்தால் இந்தியாவுக்கு வந்திருந்தபோது வாங்கிய எண்ணாக இருக்கும். இதைக்காட்டிலும் வேதனையானது, வீட்டு எஜமானர் பெயரில் எல்லாம் இருந்து அவர் காலமாகிவிட்ட வீடுகளின் நிலைமை. தொடர்ந்து 90 நாளுக்கு மேல் உபயோகமில்லாமல் கிடக்கும் கைப்பேசி எண்ணைக் கம்பெனி ரத்து செய்யலாம். பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். அம்மாள் தம் வீட்டு இணைப்பைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு எங்கேயோ ஓர் அந்நியருடைய போனில் பதில் மணி அடிக்கும். காஸ் இணைப்பையும் மின்சார இணைப்பையும் பெயர் மாற்றுகிற சமயத்திலேயே இதையும் மாற்றிவிட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

எல்லா வழியும் அடைத்துப் போனால்தான் ரீசெட். பெட்டியின் பின்புறத்தில் ஊசி நுழையும்படியாக ஒரு துவாரம் இருக்கும். குண்டூசியால் உள்ளே அமுக்கிப் பத்து வினாடி பிடித்தால், பெட்டி தான் ஆலையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். சீட்டில் உள்ள பாஸ்வேர்டு மறுபடி உயிர் பெறும். பெட்டியைத் தொடக்கூடியவரே பெட்டிக்கு எஜமானர் என்ற சட்டம் இந்தத் துவாரத்தில் இருக்கிறது. திருடனுக்கும் இது பொருந்தும் என்பது உண்மைதான்; ஆனால் கூடம் வரைக்கும் வந்துவிட்ட திருடன் வைஃபையைப் பற்றியா கவலைப்படப் போகிறான்? இதில் அபாயம் வேறு. ஃபைபர் இணைப்புகள் சிலவற்றில் கம்பெனிக்காரர் பதிந்து வைத்த பெயரும் இரகசிய எண்ணும் ரீசெட்டில் சேர்ந்தே அழிந்து போகும். பாட்டியின் போன் ஒன்றுக்கு வராமலிருந்த இணையம், வீடு முழுவதற்கும் நின்றுவிடும். ஆகவே ஊசியை எடுப்பதற்கு முன்னால் கம்பெனிக்குப் போன் செய்து, "ரீசெட் செய்தால் இணைப்பு தானாக வருமா, ஆள் வரவேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ரீசெட் செய்தவர்களுக்கு ஒரு யுக்தி. வைஃபையின் பெயரும் சாவியில் ஓர் அங்கம் என்று முன்னே சொன்னேன் அல்லவா? பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் மறுபடி வைத்துவிட்டால், வீட்டில் உள்ள டெலிவிஷன், காமிரா எல்லாம் ஒன்றும் நடவாதது போல் தாமே வந்து சேர்ந்துகொள்ளும். பாஸ்வேர்டு புதிதானால் ஒவ்வொன்றையும் தனித்தனியே கெஞ்ச வேண்டும். அப்போது சில போன்கள் பழைய வார்த்தையையே பிடித்துக்கொண்டு முரண்டு செய்யும். அவற்றுக்கு, இந்த வைஃபையை 'மறந்துவிடு' என்ற பொருளில் செட்டிங்ஸில் ஒரு கட்டளை இருக்கிறது. மனிதர் மறந்ததால் வந்த கஷ்டம், இயந்திரத்தை மறக்கச் சொன்னால்தான் தீரும்!

இவ்வளவு தொல்லை எதற்கு, பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைத்துவிட்டால் என்ன என்று தாராள மனசுக்காரர்கள் கேட்கக்கூடும். 2008 ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத் நகரில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்னால் அதை அறிவித்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. போலீஸார் அது கிளம்பிய இடத்தைத் தேடிக்கொண்டு போனபோது, நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவருடைய வீட்டு இணைப்பில் போய் நின்றார்கள். அவருடைய கணினி பறிமுதலாயிற்று. பலமுறை விசாரணை நடந்தது. பாதுகாப்புக் குறைவாக இருந்த அவர் வீட்டு வைஃபையை வேறு யாரோ உபயோகித்துக்கொண்டதாகப் பிறகு தெரிய வந்தது. 2009-ல் தொலைத்தொடர்பு இலாகா, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பின்றி விடக்கூடாது என்று இணையக் கம்பெனிகளுக்கு உத்தரவு அனுப்பியது. இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிற வரையில், அதன் வழியாக யார் எதைச் செய்தாலும் முதலில் தட்டப்படுவது உங்கள் வீட்டுக் கதவு. விருந்தாளிகளுக்குக் கொடுக்காமலிருக்க முடியாது. அதற்குப் பல பெட்டிகளில் விருந்தினர் வைஃபை என்று தனிப் பெயரில் ஒன்றைத் திறந்து, வேண்டாதபோது மூடிவிடலாம்.

அப்படியானால் நல்ல பாஸ்வேர்டு எது? எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, 63-க்கு மேல் போகக் கூடாது என்பது வைஃபையின் விதி. பெரிய எழுத்து, எண், விசித்திரக் குறிகள் எல்லாம் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்று 2003-ல் அமெரிக்க அரசாங்க நிலையம் ஒன்றுக்காக விதி எழுதியவர் பில் பர். அந்த விதிகளால் ஜனங்களுக்கு உபத்திரவம்தான் மிச்சம் என்று 2017-ல் அவரே வருத்தப்பட்டார். அதே வருஷம் அந்த நிலையமும், காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமாக இருந்தால் போதும் என்று விதியைத் திருத்திற்று. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் பாட்டிக்கும் வாயில் நுழையும். இயந்திரத்துக்கும் எளிதில் எட்டாது. ஊர்ப் பெயர், குலதெய்வம், பேரன் பிறந்த வருஷம் மூன்றையும் விலக்கிவிடுங்கள். முதலில் ஊகிக்கப்படுபவை அவைதான்.

பாஸ்வேர்டை எழுதி வைக்கவே கூடாது என்று உத்தியோக சாலைகளில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாங்கிக் கணக்குக்கு அது சரி. வீட்டு வைஃபைக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். காகிதம் வீட்டுக்குள் இருக்கிறது. அதைப் பார்க்கக்கூடியவர் வீட்டுக்குள் வரத் தகுந்தவர். ஆகவே ஒரு தபால் கார்டு அளவு அட்டை எடுத்து, வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு, கணக்கறைப் பாஸ்வேர்டு, கம்பெனியின் வாடிக்கை எண், பதிவு செய்த போன் எண், இணைப்பு யார் பெயரில் என்ற விவரம் ஆறையும் எழுதுங்கள். பெரிய எழுத்தின் கீழே ஒரு கோடு போடுங்கள். பூஜ்யத்துக்குள் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். ரேஷன் கார்டோடு வேண்டாம், அது அடிக்கடி வெளியே போகிறது. மின்சாரக் கணக்கு அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள், அல்லது அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். வைத்த இடத்தை வீட்டில் எல்லோரிடமும், முக்கியமாகப் பகலில் வீட்டில் தனியாக இருப்பவரிடம், சொல்லி வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றுகிற அன்றைக்கே அட்டையையும் திருத்தித் தேதி போடவேண்டும். பென்சிலால் எழுதாதீர்கள்.